டிசம்பரும் வேண்டாம், குண்டானும் வேண்டாம்: நம் கோயில் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், பேராக்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணன், செயலாளர் தம்பி, பொருளாளர் மாமா, பெயர் போட்டாலும் கோபித்துக்கொள்கிற, போடாவிட்டாலும் கோபித்துக்கொள்கிற செயலவை உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. ‘பெர்ஹெந்தியான் தீவுச் சுற்றுலா. டிசம்பர் பள்ளி விடுமுறையில். மூன்று பகல், இரண்டு இரவு. பெரியவர்களுக்கு 380 வெள்ளி. சமையல் நாமே.’ அதற்குக் கீழே பொறுப்பாளர் பட்டியல். போக்குவரத்துக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், படம் எடுக்க இரண்டு பேர். சாப்பாட்டுக்கு நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு முந்திய அறிவிப்பை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறீர்கள். கடைசி வரியில் ‘தியோமானில் சந்திப்போம்’ என்று இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம்தான். போன தடவை திரும்பி வந்ததும் நேரில்தான் சொன்னேன். ‘சரிக்கா, மினிட்ல ஏத்திடுறேன்’ என்றார் தம்பி. ஏற்றினார். ஏறினது இன்றைக்கு வரைக்கும் இறங்கவில்லை. அதனால் இந்தத் தடவை ஊர் பார்க்க எழுதுகிறேன்.

கேட்பது இரண்டே. தேதியை மாற்றுங்கள். கோயில் குண்டானைத் தீவுக்குக் கொண்டுபோகாதீர்கள். காரணம் கொஞ்சம் நீளம். தையல் கடையில் தீபாவளி அவசரம் இன்னும் தொடங்கவில்லை. எனக்கு நேரம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கட்டும்.

முதல் தீவு பங்கோர். 2009, மாசி மகம். நம் பக்கத்தில் மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போவது சுற்றுலாக் கணக்கில் வராது, நேர்த்திக்கடன் கணக்கில்தான் வரும். நீங்கள்தான் ‘அப்படியே ஒரு ராத்திரி தங்கிட்டு வந்துடலாம்’ என்று ஆரம்பித்து வைத்தீர்கள். விடிகாலை மூன்று மணிக்குப் பஸ். எங்கள் அப்பா இருந்திருந்தால், தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக்கூட இந்த நேரத்தில் எழுப்பினதில்லை என்றிருப்பார்.

லூமுட் படகுத்துறையில் குண்டானை இறக்கினோம். ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கிற குண்டான், உங்களுக்குத் தெரியும். இரண்டு காதிலும் கயிறு கட்டி, நடுவே மூங்கில் செருகி, இரண்டு பையன்கள் தோளில் தூக்கி வந்தார்கள். டிக்கெட் கிழிக்கிற மலாய் அண்ணன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ‘இனி கெண்டாங் கே?’ என்றார். மேளமா என்று கேட்கிறார். திருவிழாக் கூட்டம், தோளில் ஏதோ உருண்டையாகத் தொங்குகிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாமி மேளத்துக்குத் தனிக் காசு கிடையாதாம். பொருளாளர் மாமா சட்டென்று குனிந்து குண்டானில் தாளம் தப்பாமல் நாலு தட்டுத் தட்டிக் காட்டினார். அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் சொன்ன பொய். அதற்கான தண்டனை அன்று சாயங்காலமே கிடைத்தது. மாமாவுக்கு இல்லை, எனக்கு.

தெலுக் நிப்பா கடற்கரையில் விடுதி. கடற்கரை முன்பக்கம், குழாயடி பின்பக்கம். நான் எந்தப் பக்கம் இருந்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடற்கரையில் சாயங்காலமானால் எங்காங் பறவைகள் கூட்டமாக வரும், பழம் வைத்து அதற்குப் பழக்கியிருக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்காங் என்றால் நம் தமிழில் இருவாச்சி. உளுந்து வடையைப் பெரிய தட்டில் பரப்பி ஆறவைத்துவிட்டுத் திரும்பினால், வேலிக் கம்பியில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக, மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கு வைத்தாற்போல. தலையைச் சாய்த்துப் பார்த்தது. என்னை இல்லை, வடையை. இறங்கி வந்து, நகைக்கடைக்காரர் கம்மலை எடுக்கிற மாதிரி அலகின் நுனியால் ஒரு வடையை எடுத்து, மேலே தூக்கிப் போட்டு, வாயைத் திறந்து நேராகத் தொண்டையில் வாங்கிக்கொண்டது. அப்புறம் தன் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டது.

நாற்பது வடை. கடைசியாக வந்தது கொஞ்சம் அவசரக் குடுக்கை. வடையின் ஓட்டைக்குள் அலகை விட்டு, கழற்றத் தெரியாமல், மூக்குத்தி போட்ட கோலத்தில் மரத்துக்குப் பறந்து போனது. பெரியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனே பறவை ரூபத்தில் வந்து எடுத்துக்கொண்டாள் என்றார். நல்லது. ஆனால் ‘சரி, இன்னொரு ஈடு சுட்டுடு’ என்று அதே மூச்சில் சொன்னதும் அவர்தான்.

பங்கோர் என்றால் பள்ளிக்கூடத்தில் 1874 ஒப்பந்தம் என்று படித்திருப்போம். பேராக் சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல ஒரு வெள்ளைக்காரர் வருவார், அவர் ஆலோசனையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். ஆலோசனை என்று உள்ளே வந்து ஆட்சியையே எடுத்துக்கொண்டார்கள். ‘சமையலைக் கொஞ்சம் பார்த்துக்குங்கக்கா’ என்று நீங்கள் 2009-ல் என்னிடம் சொன்னதும் அந்த வகை ஒப்பந்தம்தான். கொஞ்சம் என்ற சொல் மட்டும் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

குண்டானைத் திட்டுவதற்கு முன்னால் அதன் வம்சத்தையும் சொல்லிவிடுவது நியாயம். எங்கள் பாட்டிக்குத் தீவு என்றால் ஒரே தீவு, பூலாவ் ஜெரெஜாக். பினாங்குப் பாலத்தில் போகும்போது பச்சையாகத் தெரியுமே, அது. முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தபோது பாட்டிக்கு ஏழோ எட்டோ வயது. கப்பலில் நோய் கூடவே வந்திருக்கிறதா என்று பார்க்க, பினாங்கில் கால்வைக்க விடாமல் முதலில் அங்கே கொண்டுபோய் அடைத்துவைத்தார்கள். உடுத்தியிருந்த துணியைக்கூட வாங்கி ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்களாம். எத்தனை நாள் என்று பாட்டிக்குக் கணக்கில்லை. (பிற்பாடு அதே தீவைச் சிறைச்சாலையாகவும் வைத்திருந்தார்கள், 1993 வரைக்கும்.) தோட்டத்து லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை உரலில் பாக்கை இடித்துக்கொண்டே பாட்டி சொல்வார்: ‘தீவாம் தீவு. அங்க சோறு நம்ம கையில இல்லடி. அவன் ஊத்தினாத்தான் கஞ்சி.’

பாட்டிக்கு மட்டுமில்லை, நம் வீடுகளில் பாதிக்கு இந்தக் கதை இருக்கும். கடல் தாண்டிப் போகிறவர்கள் அரிசி மூட்டையோடு போகிறார்கள் என்றால் சும்மா இல்லை. அதோடு மாட்டிறைச்சி பயம் வேறு. பயம் நியாயம்தான். ஆனால் ‘டாகிங் தாக் மாவ்’, மாட்டிறைச்சி வேண்டாம், என்று மலாயில் மூன்று சொல் சொல்லத் தெரியாதவர் நம் கோயிலில் யார்? எதிரே கடல் முழுக்க மீனை வைத்துக்கொண்டு, நாம் சுங்கை சிப்புட்டிலிருந்து சாம்பார் முருங்கைக்காய் கொண்டுபோனோம்.

இரண்டாவது தீவு லங்காவி, 2012. லங்காவியில் 99 தீவுகள் என்பார்கள், தண்ணீர் வற்றினால் 104. நாம் பார்த்தது ஒரு தீவில் ஒரு தெரு. குவா டவுனில் தட்டுமுட்டுச் சாமான் விற்கிற தெரு. 1987-லிருந்து வரியில்லாத தீவு என்ற ஒரு விவரம் தெரிந்ததும், வேறு எந்த விவரமும் நமக்குத் தேவைப்படவில்லை. கோலா பெர்லிஸிலிருந்து படகில் போகும்போது வாந்தி எடுத்து, ‘என்னைக் கரையில போடுங்க, இங்கயே செத்துடுறேன்’ என்று படுத்த பெரியக்கா, கரையில் கால்வைத்த பத்தாவது நிமிடம் கண்ணாடித் தட்டு செட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மாசூரி சமாதிக்கு என்னவோ எல்லாரும் வந்தார்கள். செய்யாத தப்புக்கு ஊர் கூடி ஒரு பெண்ணைக் கொன்றது, குத்தின இடத்தில் வெள்ளை இரத்தம் வந்தது, ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று அவள் சாபம் விட்டது, எல்லாம் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ‘எங்க நாத்தனார் எனக்குப் பண்ணதும் இதுதான்’ என்று நாலு பேர் நாலு மூலையில் சொன்னார்கள். நாலும் வேறு வேறு நாத்தனார்.

அங்கேயே பாடாங் மாட்சிராட்டில் ‘பெராஸ் தெர்பாக்கார்’ என்று ஓர் இடம். எரிந்த அரிசி. 1821-ல் சயாம் படை வந்தபோது எதிரிக்குச் சாப்பாடு கிடைக்கக்கூடாது என்று ஊரார் தங்கள் அரிசியைத் தாங்களே கொளுத்திவிட்டார்களாம். பெரிய மழை பெய்தால் கரிந்த அரிசி இன்னும் மண்ணிலிருந்து மேலே வரும் என்பார்கள். நாம் எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வந்தோம். அன்று ராத்திரி நம் குண்டானில் அடி பிடித்தது. நான் ஐந்து நிமிடம், சத்தியமாக ஐந்தே நிமிடம், கடற்கரைக்குப் போயிருந்தேன். ‘நான் பாத்துக்கிறேன்’ என்று சொன்ன செயலவை உறுப்பினர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தொலைக்காட்சியில் பந்தை. நாற்பது பேர் தட்டோடு நிற்க, பொருளாளர் மாமா கரிந்த சோற்றைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். ‘இதுக்கும் ஒரு போர்டு வச்சு டிக்கெட் போடலாம்’ என்றார்.

கேபிள் கார் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 708 மீட்டர் உயரம். அந்தமான் கடல் ஒரு பக்கம், தூரத்தில் தாய்லாந்துத் தீவுகள் ஒரு பக்கம், மலைமேல் வளைந்து தொங்குகிற 125 மீட்டர் பாலம். ‘கண்ணத் திறங்கக்கா, தாய்லாந்து தெரியுது’ என்று நான் சொல்லச் சொல்ல, பெரியக்கா ‘தெரியட்டும்’ என்றார். திறக்கவே இல்லை. கீழே இறங்கியதும் முதல் கேள்வி: ‘பெட்டியெல்லாம் யாருடி பாத்துக்கிறா?’

திரும்பும்போது தட்டுப் பெட்டிகளுக்கு இருக்கை கொடுத்துவிட்டு மனிதர்கள் நடைவழியில் உட்கார்ந்தோம். சாக்லேட்டையெல்லாம் பத்திரமாகக் குண்டானுக்குள் அடுக்கி மூடி, கயிறு கட்டி, பஸ்ஸின் வயிற்றில் பின்னால் வைத்தோம். பின்னால்தான் இஞ்சின். ராத்திரி கோயில் வாசலில் மூடியைத் திறந்தபோது உள்ளே முந்திரிப்பருப்பு மிதக்கிற பாயாசம். காகிதத்தோடு.

மூன்றாவது, தியோமான். 2015. இதை மட்டும் விரிவாக எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து, காலை ஏழுக்கு மெர்சிங் போய்ச் சேர்ந்தோம். எட்டு மணிக்குப் படகு என்று தலைவர் அண்ணன் அட்டவணையில் போட்டிருந்தார். எட்டு என்பது அண்ணன் நினைத்த எட்டு. மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் ஏறினால்தான் படகு வெளியே போக முடியும். கடல் ஏறுகிற நேரம் தினமும் மாறும், அதோடு படகு நேரமும் மாறும். அன்று காலையில் ஆறு வெறும் சேறாகக் கிடந்தது, நண்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கவுண்டரில் போய், மேனேஜரைக் கூப்பிடு என்று சத்தம் போட்டார். உள்ளே இருந்த மலாய்ப் பெண் கோபப்படவே இல்லை. விரலை மேலே தூக்கி வானத்தைக் காட்டினாள். அண்ணன் முதல்மாடியில் மேனேஜரைத் தேடிப் போனார். அவள் சொன்னது நிலாவை. அந்தக் கட்டடத்துக்கு முதல்மாடியும் இல்லை.

மத்தியானம் இரண்டுக்கு மேல் படகு. எல்லாரும் தூங்கிவிட்டோம். தியோமானில் படகு ஊர் ஊராக நின்று ஆளை இறக்கிக்கொண்டு போகும், நம் டவுன் பஸ் மாதிரி. நாம் இறங்கவேண்டியது தெக்கேக். முதல் துறையில் படகு ஒட்டியதும், படகுப் பையன் கதவைத் திறந்து கத்தினான்: ‘கெந்திங்! கெந்திங்!’

தியோமானில் கம்போங் கெந்திங் என்று ஒரு மீனவர் ஊர் இருப்பது நமக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரிந்த கெந்திங் மலைமேல் இருப்பது, குளிர்வது, தீபாவளி போனஸைத் தின்பது. பொருளாளர் மாமா தூக்கத்திலிருந்து எழுந்த வேகத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. ‘வந்துருச்சு, வந்துருச்சு’ என்று அவர் குதிக்க, பின்னாலேயே பதினொரு பேர் குதிக்க, இரண்டு பையன்கள் பாதிக் கண்ணைத் திறந்து குண்டானைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். குண்டான் போகிற இடத்துக்குப் போகவேண்டியது என் பொறுப்பு. நானும் இறங்கினேன். படகு போய்விட்டது. தலைவர் அண்ணன் கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நாங்களும் ஆட்டினோம்.

இந்தக் குழப்பத்தில்தான் மூடி நழுவியது. துறைப் பலகையில் விளிம்பால் உருண்டு, ஓர் இடுக்கில் தட்டி நின்று, கொஞ்சம் யோசித்து, கடலில் விழுந்தது. அவ்வளவு தெளிந்த தண்ணீர். ஆடி ஆடி இறங்கி அடியில் மல்லாந்து படுத்தது நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன் ஒன்று சுற்றி வந்து பார்த்து, உடனே அதன் ஓரத்தில் குடியேறிவிட்டது. இடுப்பளவு ஆழம்கூட இருக்காது என்று பையன்கள் குதிக்கப் பார்த்தார்கள். அது பத்தடிக்குமேல். அந்தத் தெளிவு அப்படி ஏமாற்றும்.

மாமா, கடை வாசலில் நின்ற மக்சிக்கிடம், மலாய் அம்மாவிடம், போய் மெதுவாக, ரகசியமாக, காசினோ எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்தம்மா யோசித்தார். காசினோ இல்லை, பியாவாக் இருக்கிறது என்று ஓடைப் பக்கம் கை காட்டினார். ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு, நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு, மாமாவைப் பார்த்தது. அங்கிருந்து தெக்கேக்குக்கு அப்போது காட்டுப் பாதைதான். தனிப் படகு பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். அந்தச் செலவை மாமா கணக்கில் ‘இதர’ என்று எழுதியிருப்பதை ஆண்டுக் கூட்டத்தில் நான் கவனித்தேன், பேசவில்லை. இப்போது பேசிவிட்டேன்.

அன்று ராத்திரி முழுக்க அகாஸ் கடி. கண்ணுக்கே தெரியாத மணல் ஈ. கொசுவிரட்டி அதற்கு அத்தர் மாதிரி. கோடாலித் தைலம் நாலு புட்டி தீர்ந்தது. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை, சொறிந்தோம்.

மறுநாள் காலையில் என் மகள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு நீச்சல் தெரியாது. நம்மில் யாருக்குத் தெரியும்? ஊர்ப் பெயரிலேயே சுங்கையும் இருக்கிறது, சிப்புட்டும் இருக்கிறது, ஆறும் நத்தையும். நமக்கு நத்தை மட்டும்தான் வாய்த்தது. சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, வாயில் ரப்பர் குழாய். பால் வெட்டி வளர்த்த குடும்பம். அந்த ரப்பர் வாசனை மட்டும் பழகினது. தெக்கேக்குக்கு எதிரே ரெங்கிஸ் என்று ஒரு சின்னத் திட்டு. படகுக்காரர் அங்கே கொண்டுபோய்ப் பூனைக்குட்டியை இறக்குகிற மாதிரி என்னைத் தண்ணீரில் இறக்கினார்.

தலையை உள்ளே விட்டதும் முதலில் வந்தது காட்சி இல்லை, சத்தம். கறுக். கொஞ்சம் இடைவெளி. கறுக், கறுக். பச்சையும் நீலமும் குழைத்துப் பூசி, உதட்டில் சிவப்பு வைத்த ஒரு பெரிய மீன். கிளிமீன். பவளப்பாறையில் வாயை வைத்துக் கடித்துத் தின்கிறது. பாட்டி வெற்றிலை உரலில் பாக்கு இடிக்கிற சத்தம், அதே இடைவெளி. தின்றுவிட்டுத் திரும்பி, வாலுக்குக் கீழே வெள்ளைப் பொடியாக விட்டுக்கொண்டே போனது. கடித்த பவளத்தை அரைத்து மணலாகக் கழிக்குமாம், இந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த மீன் போட்டதுதான் என்று படகுக்காரர் பிறகு சொன்னார். கரையில் பெரியக்கா முழங்கால் வலிக்கு நல்லது என்று அந்த மணலை அள்ளி அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விவரத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? இருபது நிமிடம். ஒரு மீனின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன், சூரிய வெளிச்சம் தண்ணீருக்குள் கோடு கோடாக இறங்கி அதன் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே யாரோ என் மிதவைச் சட்டையைப் பிடித்துத் தட்டினார்கள். தலையைத் தூக்கினால், இன்னொரு படகில் செயலாளர் தம்பி. அந்தப் படகை அதற்கென்றே கூலி கொடுத்துப் பிடித்து வந்திருக்கிறார்.

‘அக்கா, புளி எங்க வச்சீங்க?’

தம்பி, அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு வாளிக்குள், பருப்புக்குக் கீழே என்று சொன்னேன். ஏறி வந்துவிட்டேன். மூன்று தீவு, இத்தனை வருடம், கடலுக்குள் இருபது நிமிடம். பங்கோர் என்றால் எனக்கு அந்தக் குழாயடி ஞாபகம் வருகிறது. லங்காவி என்றால் கரி சுரண்டின கம்பி நார்.

இனி தேதி. பெர்ஹெந்தியான் என்றால் மலாயில் நிறுத்தம். ‘பெர்ஹெந்தியான் பாஸ்’ பலகைக்குக் கீழே நாம் நிற்காத மழையா? அந்தக் காலத்து வணிகர் கப்பல்கள் நின்று போன தீவு என்பதால் அந்தப் பெயர். டிசம்பரில் பெயர் இன்னும் பொருந்தும், ஏனென்றால் எல்லாமே நின்றுவிடும். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வந்து கிழக்குக் கரையில் நேராக மோதுகிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் பக்கம் பெரும்பாலான விடுதிகள் கதவைப் பூட்டிவிட்டுப் பிப்ரவரி கடைசி, மார்ச்சில்தான் திறக்கும். கோலா பெசுட் படகுத்துறையில் போய் நின்றுகொண்டு, அங்கேயும் அண்ணன் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னால் வருவது அலைதான்.

பாதையையும் யோசியுங்கள். கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போகவேண்டும். மழை, மூடுபனி, யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள். பலகை அழகுக்கு வைத்ததில்லை. மலை தாண்டினால் கிளந்தான். 2014 டிசம்பர் வெள்ளம் அங்கே என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நம் கோயில் மண்டபத்தில்தான் அரிசியும் போர்வையும் கட்டி அனுப்பினோம்.

டிசம்பர்தான் முடியும் என்றால் மேற்குக் கரைக்குப் போவோம். தித்திவாங்சா மலைத்தொடர் அந்தக் காற்றைத் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. பங்கோரும் லங்காவியும் அந்த மாதத்தில் அனேகமாக நன்றாகத்தான் இருக்கும். இருவாச்சிகளும் என்னை மறந்திருக்கும். பெர்ஹெந்தியான்தான் போகவேண்டும் என்றால் மே கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறது, அப்போது போவோம்.

மேயில் போனஸ் இல்லையே என்று பொருளாளர் மாமா கேட்பார். கேட்கட்டும். மாமா, தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-ல், நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பால் வெட்டுகிறவர்களிடம் மாதம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார். எங்கள் அம்மா அதில் பங்கு போட்டவர். அந்தக் காகிதம் இன்னும் எங்கள் சாமி மேடைக்கு அடியில் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. தோட்டத்தைத் தவணையில் வாங்கினவர்களுக்கு மூன்று பகல் இரண்டு இரவைத் தவணையில் வாங்கத் தெரியாதா? இந்த மாதமே தொடங்குங்கள். என் கடையில் ஒரு டின் வைக்கிறேன், சாவி உங்களிடமே இருக்கட்டும்.

சாப்பாடு: தீவு விடுதிகளில் பலவற்றில் சாப்பாட்டோடு சேர்த்தே பாக்கேஜ் கொடுக்கிறார்கள். மீன், கங்கோங் கீரை, சோறு, முட்டை. அவர்கள் சமைப்பார்கள், நாம் உட்கார்ந்து சாப்பிடுவோம். நானும் உட்காருவேன். வெள்ளிக்கிழமை சைவக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். காரம் பத்தாது என்பீர்கள். ஒரு பாட்டில் ஊறுகாய், ஒரு பாட்டில் சம்பல் என் பையில் வரும். அதற்குமேல் என்னிடம் எதையும், முக்கியமாகப் புளியை, கேட்காதீர்கள்.

இதெல்லாம் சரிப்படாது, பழையபடிதான் என்றால் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டு, பந்து பார்த்தவர் பெயரைப் போடுங்கள். நான் 380 வெள்ளி கட்டி, சாதாரணப் பயணியாக வந்து, சோறு குழைந்துவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேலையை எனக்கும் செய்துபார்க்க ஆசை.

இப்படிக்கு,
முன்னாள் சாப்பாட்டுப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: குண்டானுக்குப் புது மூடி வாங்க ஈப்போவில் விலை கேட்டிருப்பதாகக் காதில் விழுந்தது. வாங்க வேண்டாம். பழைய மூடி தியோமானில் குடும்பத்தோடு இருக்கிறது.